சாளரத்தை மாற்றும் உரிமை: சால்ஸ்பரி நகரம் தரும் வரலாற்றுப் பாடம்

முன்னுரை

காற்று வரும் வழி என்னும் பொருளில் ‘காலதர்’ என்று சாளரத்துக்குப் பெயரிட்டனர் நம் முன்னோர். இச்சொல் சிலப்பதிகாரத்தில் பயின்று வருகிறது. ஆங்கிலேயர் வழங்கும் ‘விண்டோ’ என்னும் சொல்லும், காற்றின் கண் எனப் பொருள்படும் பழைய வடநாட்டுச் சொல்லொன்றினின்றே பிறந்தது. நாம் அன்றாடம் வழங்கும் ‘சன்னல்’ போர்த்துக்கீசியர் வழியாக நம்மிடம் வந்த சொல். மூன்று மொழியினரும் வெவ்வேறு காலங்களில் பெயரிட்ட பொருள் ஒன்றே: சுவரில் ஒரு திறப்பு, அதன்வழிக் காற்றும் ஒளியும்.

திருமறையிலும் சாளரங்கள் பல இடங்களில் இடம்பெறுகின்றன. எருசலேமுக்கு நேராகத் திறந்திருந்த சாளரத்தினருகே தானியேல் முழங்காற்படியிட்டார். துரோவாவில் சாளரத்தில் உட்கார்ந்திருந்த ஐத்திகு உறக்க மிகுதியால் கீழே விழுந்தான். தமஸ்குவில் பவுலடியார் சாளரத்தின் வழியாகக் கூடையில் இறக்கிவிடப்பட்டுத் தப்பினார். அநீதியினால் மாளிகை கட்டி அதற்குச் சாளரங்களைத் திறந்து அழகுபடுத்தும் அரசனை எரேமியா கடிந்துரைத்தார் என்பதும் நினைவுகூரத்தக்கது. தீர்க்கதரிசியின் பார்வையில் சாளரம் அமைப்பதுகூட நீதியின் எல்லைக்குப் புறம்பான செயல் அன்று.

பழைய கட்டடமொன்றின் சாளரத்தை எடுத்துவிட்டுப் புதியது வைப்பது எளிய செயலாகவே தோன்றும். மரம் உளுத்துவிட்டது, கண்ணாடி மங்கிவிட்டது, பணம் இருக்கிறது, தச்சரும் வந்துவிட்டார். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்கலாம். ஆயினும் இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள சால்ஸ்பரி என்னும் பேராலய நகரில் இச்செயல் ஏறத்தாழ நானூறு ஆண்டுகளாக மீண்டும் மீண்டும் வழக்காகவும் வருத்தமாகவும் எழுந்து வந்துள்ளது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, அதனின்று நாம் கற்கத்தக்கது யாது எனக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. சீர்திருத்தக் காலமும் வெண்கண்ணாடியும்

இங்கிலாந்தின் ஆலயங்களுக்குக் கண்ணாடி வெளிநாட்டினின்று வந்தது. கி.பி. 675ஆம் ஆண்டளவில் பெனடிக்ட் பிஸ்கொப் என்னும் துறவி, தாம் வடக்கே கட்டிய மடத்தின் சாளரங்களுக்குக் கண்ணாடி இடுவதற்காகக் கால் நாட்டிலிருந்து வினைஞரை வருவித்தார் எனப் பீடு என்னும் வரலாற்றாசிரியர் எழுதிவைத்துள்ளார். பின்வந்த நூற்றாண்டுகளில் வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்துத் திருமறைக் காட்சிகளையும் தூயோரின் உருவங்களையும் அமைக்கும் கலை பெருகிற்று.

சீர்திருத்தம் வந்தபோது இக்கண்ணாடிகள் கேள்விக்குள்ளாயின. 1547இல் ஆறாம் எட்வர்டு மன்னரின் பெயரால் வெளிவந்த கட்டளைகள், உருவ வணக்கத்துக்கு ஏதுவானவற்றைச் சுவர்களிலிருந்தும் கண்ணாடிச் சாளரங்களிலிருந்தும் நீக்குமாறு பணித்தன. 1559இல் எலிசபெத் அரசியார் அக்கட்டளைகளைப் புதுப்பித்தபோது, சுவர்களும் சாளரங்களும் காக்கப்படவோ பழுதுபார்க்கப்படவோ வேண்டும் என்னும் வரையறை சேர்க்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, ஆலயங்களிலுள்ள நினைவுச் சின்னங்களைச் சிதைப்பதைத் தடைசெய்தும், பேராயரின் இசைவின்றிச் சாளரங்களிலுள்ள உருவங்களை உடைக்கலாகாது எனக் கூறியும் ஓர் அரசாணை பிறந்தது. ஒருபுறம் நீக்கவேண்டும் என்னும் நம்பிக்கை. மறுபுறம் யாரும் தம் விருப்பப்படி நீக்கலாகாது என்னும் ஒழுங்கு. இவ்விரண்டுக்கும் இடையே இருந்த இறுக்கத்தை நாம் மனத்திற் கொள்ளவேண்டும்.

நடைமுறை இதனினும் எளிமையாக இருந்தது. 1577இல் இங்கிலாந்து நாட்டைப் பற்றி விரிவாக எழுதிய வில்லியம் ஹாரிசன் என்னும் குருவானவர், உருவங்கள் பலவும் நீக்கப்பட்டும் சாளர ஓவியங்கள் மட்டும் பல இடங்களில் எஞ்சியிருப்பதற்குக் காரணம் கூறுகிறார். நாடு முழுவதற்கும் வெண்கண்ணாடி வாங்கப் பெருஞ்செலவு ஆகும். போதிய கண்ணாடியும் இல்லை. ஆகவே பழையன சிறிது சிறிதாகச் சிதைய விடப்பட்டு, அவற்றின் இடத்தில் வெண்கண்ணாடி வைக்கப்பட்டு வந்தது. இறையியல் தீர்ப்பிட்டதைப் பணமுடை தள்ளிப்போட்டது எனலாம். இன்று நாம் காணும் பழைய சாளரங்களிற் பல, எவரும் விரும்பிக் காத்தமையால் அன்று, மாற்றுவதற்குப் பணமில்லாமையால் பிழைத்தவை.

2. ஹென்ரி ஷெர்ஃபீல்டின் கைத்தடி

சால்ஸ்பரி நகரத்துத் தூய எட்மண்டு ஆலயத்தில் உலகப் படைப்பைச் சித்திரிக்கும் பழைய சாளரம் ஒன்று இருந்தது. அதில் பிதாவாகிய கடவுள், நீலமும் சிவப்புமான அங்கி அணிந்த சிறு முதியவராகத் தீட்டப்பட்டிருந்தார். அந்நகரின் ரெக்கார்டர் என்னும் சட்ட அலுவலராயிருந்த ஹென்ரி ஷெர்ஃபீல்ட் இதனைக் கண்டு உள்ளம் வருந்தினார். அவர் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர், தூய்மைவாதக் கொள்கையினர்.

ஷெர்ஃபீல்டை வெறும் உடைப்பாளர் எனத் தள்ளிவிடுதல் முறையன்று. வறுமையும் கொள்ளைநோயும் நகரை வாட்டிய 1620ஆம் ஆண்டுகளில், ஏழைகளுக்கு வேலையும் உணவும் கிடைக்கச் செய்த நகரத் தலைவர்களுள் அவரும் ஒருவர். நகராட்சியே மதுவடிசாலை ஒன்றை நடத்தி, அதன் ஊதியத்தை ஏழையர் நலனுக்குச் செலவிடும் திட்டத்திலும் அவருக்குப் பங்கிருந்தது. ஆலயம் தூய்மையாக இருக்கவேண்டும், நகரம் நீதியாக இருக்கவேண்டும் என்னும் இரண்டும் அவருக்கு ஒரே பற்றின் இரு கிளைகள்.

1630ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆலயத்தின் சபைக் குழு கூடி, அச்சாளரத்தை எடுத்துவிட்டு வெண்கண்ணாடி வைத்துக்கொள்ள ஷெர்ஃபீல்டுக்கு இசைவு அளித்தது. செலவை அவரே ஏற்பதாக இருந்தது. பழங்கண்ணாடி மங்கி ஒளியை மறைத்தது என்பதும் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஆனால் பேராயர் ஜான் டேவனன்ட் இதனைத் தடுத்தார். இவர் உருவங்களில் நாட்டமுடையவர் அல்லர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது; டோர்ட் மாநாட்டில் இங்கிலாந்தின் பேராளராகப் பங்குகொண்ட கால்வினியச் சிந்தனையாளர் அவர். கொள்கையில் இருவரும் பெரிதும் வேறுபட்டவர் அல்லர். அனுமதி யார் கையில் என்பதே கேள்வியாயிற்று.

ஷெர்ஃபீல்ட் பல திங்கள் பொறுத்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஒருநாள் ஆலயத்தினுள் தனியே சென்று, கதவை அடைத்து, இருக்கை ஒன்றின்மேல் ஏறி, இரும்புமுனைக் கைத்தடியால் சாளரத்தை உடைத்தார். உடைத்த வேகத்தில் தடுமாறிக் கீழே விழுந்து அடிபட்டுக் கிடந்தார்.

வழக்கு ஸ்டார் சேம்பர் என வழங்கிய அரச மன்றத்துக்குச் சென்று, 1633 பிப்ரவரியில் விசாரிக்கப்பட்டது. அச்சாளரத்தை நோக்கி ஒரு பெண் வணங்கியதாக ஷெர்ஃபீல்டின் தரப்பில் கூறப்பட்டது. படைப்பின் நாட்களை ஓவியம் பிழையாகக் காட்டுகிறது என்றும், அவ்வாலயம் பேராயரின் ஆட்சிக்கு உட்படாதது என்றும் அவர் வாதாடினார். மன்றம் இவற்றை ஏற்கவில்லை. பின்னர் கந்தர்பரியின் தலைமைப் பேராயரான வில்லியம் லாட் ஆயிரம் பவுன் தண்டம் விதிக்க விரும்பினார். முடிவில் ஐந்நூறு பவுன் விதிக்கப்பட்டது. பேராயரின் முன்னிலையில் தம் தவற்றை ஒப்புக்கொள்ளுமாறும் ஷெர்ஃபீல்ட் பணிக்கப்பட்டார். மறு ஆண்டின் தொடக்கத்தில் அவர் மரித்தார்.

இத்தீர்ப்பினால் சாளரங்கள் காக்கப்பட்டனவா? இல்லை. பத்தாண்டுகள் கழியுமுன் உள்நாட்டுப் போர் மூண்டது. 1643, 1644ஆம் ஆண்டுகளில் வில்லியம் டௌசிங் என்பவர் நாடாளுமன்றத்தின் ஆணையோடு கேம்பிரிட்ஜ்ஷயர், சஃபோக் பகுதிகளின் ஆலயங்களுக்குச் சென்று, தாம் உடைத்தவற்றை நாட்குறிப்பில் எண்ணி எழுதிவைத்தார். முன்பு ஒருவர் தண்டனை பெற்ற செயல் இப்போது அரசின் கட்டளையாயிற்று.

3. பெமர்ட்டன் குருவானவர்

தூய எட்மண்டு ஆலயத்தில் கண்ணாடி உடைந்த அதே ஆண்டில், சால்ஸ்பரியை அடுத்த பெமர்ட்டன் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் ஹெர்பர்ட் குருப்பணி ஏற்றார். 1630 ஏப்ரலில் அப்பணிக்கு அமர்த்தப்பட்டு, செப்டம்பரில் சால்ஸ்பரி பேராலயத்தில் குருப்பட்டம் பெற்றார். வாரத்தில் இருமுறை பேராலயத்து மாலை வழிபாட்டுக்கு நடந்து செல்வது அவர் வழக்கம். ஆகவே ஷெர்ஃபீல்டின் செயலும் வழக்கும் அவர் செவிக்கு எட்டாமல் இருந்திருக்க இயலாது என ஊகிக்கலாம்.

வழக்கு விசாரிக்கப்பட்ட அடுத்த திங்களில், 1633 மார்ச் முதல் நாளில், ஹெர்பர்ட் மரித்தார். அவ்வாண்டிலேயே வெளிவந்த ‘ஆலயம்’ என்னும் அவருடைய கவிதைத் தொகுப்பில் ‘சாளரங்கள்’ என ஒரு பாடல் உண்டு. எளிதில் உடையும் மாசுற்ற கண்ணாடிக்கு மனிதனை ஒப்பிட்டு, அத்தகையவனைக் கடவுள் தம் கிருபையால் ஒளி புகும் சாளரமாக்குகிறார் என்னும் கருத்து அதில் அமைந்துள்ளது. போதனை மட்டும் இருந்தால் அது நிறமற்ற வெளிச்சம். கிறிஸ்துவின் வாழ்வு போதகரின் வாழ்வில் சுட்டுப் பதிக்கப்பட்டால் அதுவே வண்ணக் கண்ணாடி. அருகருகே வாழ்ந்த இரு சீர்திருத்தச் சபையினருள் ஒருவர் வண்ணக் கண்ணாடியில் பொய்யைக் கண்டார். மற்றவர் குருத்துவத்தின் உவமையைக் கண்டார். இருவருமே தாம் கண்டதை மனச்சான்றோடு கண்டனர்.

4. பேராலயத்தின் பழங்கண்ணாடி

வெறுப்பினால் அழிந்ததைக் காட்டிலும் திருத்தம் என்னும் பெயரால் அழிந்தது குறைவன்று. 1258இல் அருட்பொழிவு செய்யப்பட்ட சால்ஸ்பரி பேராலயத்தில் பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கண்ணாடி மிகுதியாக இருந்தது. அது பெரும்பாலும் வெளிறிய கண்ணாடியில் இலைக்கோலங்கள் வரைந்த வகை. 1789 முதல் 1792 வரை, பேராயர் ஷூட் பாரிங்டன் காலத்தில், ஜேம்ஸ் வையட் என்னும் கட்டடக் கலைஞர் பேராலயத்தைத் ‘திருத்தி’ அமைத்தார். தனித்து நின்ற மணிக்கூண்டு இடிக்கப்பட்டது. சிறு ஆலயங்கள் நீக்கப்பட்டன. பழங்கண்ணாடியும் பெருமளவில் எடுக்கப்பட்டது.

அக்காலத்துச் சால்ஸ்பரி கண்ணாடி வினைஞர் ஒருவர் இலண்டனுக்கு எழுதிய மடலொன்று எஞ்சியுள்ளது. பெட்டி நிறையப் பழைய வண்ணக் கண்ணாடி அனுப்பியிருப்பதாகவும், வேண்டுமானால் இன்னும் அனுப்பலாம் எனவும், இல்லையேல் ஈயத்துக்காக அது உடைக்கப்படுமெனவும் அவர் எழுதுகிறார். ஷெர்ஃபீல்ட் ஒரு சாளரத்தை உடைத்தார்; நாடெங்கும் பேச்சாயிற்று. இங்கே பேராலயத்தின் சாளரங்கள் உரிய அதிகாரிகளின் ஒப்புதலோடு, சினம் ஏதுமின்றி, பழைய ஈயத்தின் விலைக்குப் போயின. அனுமதி பெற்ற செயல் யாவும் நற்செயல் ஆகிவிடாது என்பதற்கு இது சான்று. இன்று மேற்குப் பெருஞ்சாளரத்தில் காணப்படுவது, எஞ்சிய துண்டுகளையும் பிற இடத்துக் கண்ணாடிகளையும் சேர்த்துப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒட்டவைத்த தொகுப்பே.

இத்தகைய திருத்தங்களுக்கு எதிராகவே 1877இல் வில்லியம் மாரிஸ் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். திருத்தி அமைப்பதை விட்டு, அன்றாடம் பேணுக என்பது அச்சங்கத்தின் நெறி. மாரிஸ் தாமே வண்ணக் கண்ணாடித் தொழிலகம் நடத்தியவர். ஆயினும் திருத்தி அமைக்கப்படும் பழைய ஆலயங்களுக்குப் புதிய சாளரம் செய்து தருவதில்லை எனத் தம் தொழிலுக்கு இழப்பு நேர முடிவுசெய்தார்.

5. வீட்டுச் சாளரமும் சட்டமும்

பேராலயத்தைச் சூழ்ந்த மதில்வளாகத்தில் அழகிய வீடுகள் பல உள்ளன. 1701இல் முகப்பு அமைக்கப்பெற்ற மாம்பெஸ்சன் இல்லம் அவற்றுள் ஒன்று. மேலும் கீழும் நகரும் இருசட்டச் சாளரங்களே இவ்வீடுகளின் முகம் எனலாம். சட்டங்கள் கயிற்றிலும் கப்பியிலும் தொங்கும். சுவரின் மரக்கூட்டினுள் மறைந்திருக்கும் எடைக்கட்டிகள் அவற்றைச் சமன்செய்யும்.

இச்சாளரங்களின் கண்ணாடி ஊதித் திரட்டி, சுழற்றித் தட்டாக்கி, பின் துண்டுகளாக வெட்டப்பட்டது. ஆகையால் அதில் சிறு நெளிவும் வளைவும் இருக்கும். காலப்போக்கில் கண்ணாடி கீழ்நோக்கி வழிந்ததால் இவ்வாறாயிற்று எனக் கூறுவோர் உளர்; அது தவறு. ஊதப்பட்ட நாளிலேயே அமைந்த நெளிவே அது. ஒளி அதன்மேல் படும்போது தெருவின் வீடுகள் உயிருள்ளவை போல் மின்னும். ஒரே சீரான புதுக் கண்ணாடியில் இது இல்லை.

அரசின் கையும் இச்சாளரங்களில் பதிந்துள்ளது. 1696 முதல் 1851 வரை சாளரங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வரி விதிக்கப்பட்டதால், பலர் தம் வீட்டுச் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்தனர். காற்றும் ஒளியும் இல்லாத அறைகளில் ஏழைகளே நோயுற்றனர். கண்ணாடிக்கு விதிக்கப்பட்ட தீர்வை 1845இல் நீங்கியபின் பெரிய தகடுகள் மலிவாயின. சிறு கண்ணாடிகள் பதித்த பழைய சட்டங்களை எடுத்துவிட்டுப் பெருங்கண்ணாடி இட்டுக்கொண்டோர் பலர். ஆகவே ‘பழைய சாளரம்’ என்பதும் பல வீடுகளில் ஒருமுறை மாற்றப்பட்ட சாளரமே.

1967இல் நிறைவேறிய நகரநலச் சட்டம், தனிக் கட்டடங்களை மட்டுமன்றித் தெருவையும் சூழலையும் ஒருசேரக் காக்கும் பொருட்டு, ‘பாதுகாப்புப் பகுதி’ என்னும் அமைப்பை இங்கிலாந்தில் உருவாக்கிற்று. லிங்கன்ஷயரிலுள்ள ஸ்டாம்ஃபோர்டு அவ்வாண்டிலேயே முதலாவது பகுதியாக அறிவிக்கப்பட்டது. சால்ஸ்பரியின் பழைய நகரும் பின்னர் அத்தகைய பகுதியாயிற்று. இப்போது நடைமுறையிலுள்ள 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பட்டியலில் சேர்க்கப்பெற்ற கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் சாளர மாற்றத்துக்குத் தனி இசைவு வேண்டும். பட்டியலில் இல்லாத வீட்டுக்கு, தோற்றத்தில் ஒத்ததாயின் மாற்றம் பொதுவாகத் தடையின்றிச் செய்யலாம்; ஆனால் உள்ளாட்சி மன்றம் தனி ஆணையால் அவ்வுரிமையை நீக்கியிருந்தால் அங்கும் அனுமதி தேவை.

வீட்டில் குடியிருப்போரின் குறையும் நேர்மையானதே. குளிர்காலத்தில் சட்ட இடுக்கில் காற்று புகுகிறது, எரிபொருட்செலவு ஏறுகிறது. நெகிழிச் சட்டமும் இரட்டைக் கண்ணாடியும் உடைய சாளரத்தை விற்போர் வாசலில் நிற்கின்றனர். ஆனால் வேறு வழிகளும் உண்டு. பழைய சாளரங்கள் பல, மெல்ல வளர்ந்து இறுகிய ஊசியிலை மரத்தின் வைரத்தால் ஆனவை. உளுத்த பகுதி பெரும்பாலும் மழைநீர் தங்கும் அடிச்சட்டமே. அதை மட்டும் வெட்டி எடுத்துப் புது மரம் பொருத்தலாம். ஆளிவிதை எண்ணெயால் ஆன மக்கினைப் புதுப்பித்து வண்ணம் பூசலாம். இடுக்கில் காற்றுத் தடுப்புப் பட்டை இடலாம். உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் அமைக்கலாம். நன்கு பொருந்தும் மரக்கதவுகளை இரவில் அடைத்தாலே சாளரத்தின் வழி வெளியேறும் வெப்பம் பாதிக்கு மேல் குறைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. நெகிழிச் சட்டம் பழுதானால் பெரும்பாலும் முழுவதையும் எறியவேண்டும். மரச்சட்டத்தைத் தச்சர் மீண்டும் மீண்டும் செப்பனிடலாம்.

6. ஆலயங்களுக்குத் தனி வழி

வழிபாட்டில் உள்ள ஆலயங்களுக்கு இச்சட்டத்தின் ஒரு பகுதியிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் விலக்கு என்பது தன்னுரிமை அன்று. இங்கிலாந்துத் திருச்சபையில் பங்குக் குருவும் சபைக் குழுவும் சேர்ந்து முடிவுசெய்தாலும், பேராயத்தின் நீதிமன்றம் அளிக்கும் அனுமதியின்றிச் சாளரத்தை மாற்ற இயலாது. ஷெர்ஃபீல்டின் நாளில் எழுந்த கேள்விக்குத் திருச்சபை தந்த நிலையான விடை இதுவே.

2012இல் டஃபீல்டு தூய ஆல்க்மண்டு ஆலயத்தின் தடுப்புத் திரையைப் பற்றிய மேல்முறையீட்டில், இத்தகைய விண்ணப்பங்களை ஆராயவேண்டிய முறை தெளிவாக்கப்பட்டது. மாற்றத்தால் கட்டடத்தின் சிறப்புக்குத் தீங்கு உண்டா? உண்டாயின் அது எத்துணைக் கடுமையானது? மாற்றம் வேண்டுவோர் கூறும் காரணம் எத்துணைத் தெளிவும் வலிமையும் உடையது? அதனால் சபைக்கு விளையும் நன்மை அத்தீங்கை மிஞ்சுமா? அவ்வழக்கில் திரையை அகற்ற அனுமதி கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். பழையது என்பதாலேயே ஒன்று அசைக்கப்படாததாகிவிடுவதில்லை.

சால்ஸ்பரி பேராலயமும் இதற்குச் சான்று. அதன் கீழ்க்கோடியிலுள்ள மூவொரு கடவுள் சிற்றாலயத்தில், 1980இல், சார்த்தர் நகரத்துக் கலைஞர் கபிரியேல் லுவார் செய்த புதிய சாளரம் அர்ப்பணிக்கப்பட்டது. மனச்சான்றின் பொருட்டுச் சிறைப்பட்டோரை நினைவூட்டும் ஆழ்ந்த நீலக் கண்ணாடி அது. மனச்சான்றின்படி ஒருவர் சாளரத்தை உடைத்த நகரில், முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், மனச்சான்றுக்காகத் துன்புறுவோரின் நினைவாக ஒரு சாளரம் எழுந்தது. தூய எட்மண்டு ஆலயமோ வழிபாட்டினின்று நீங்கி, 1975 முதல் கலை அரங்காக விளங்குகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றிலிருந்து மூன்று கருத்துக்கள் புலனாகின்றன. முதலாவது, தூய நோக்கம் மட்டும் போதாது. ஷெர்ஃபீல்டின் நோக்கம் தூயதே. இரண்டாவது, அதிகாரியின் அனுமதி மட்டும் போதாது. வையட்டுக்கு அது நிறைய இருந்தது. மூன்றாவது, பழமைப் பற்று மட்டும் போதாது. அதுவே நெறியாயிருந்தால் 1980ஆம் ஆண்டுச் சாளரம் தோன்றியிராது. எதை இழக்கிறோம் என அறிந்து, அதனால் பாதிக்கப்படுவோரைக் கேட்டு, பொதுவில் காரணம் கூறி மாற்றுவதே நெறி.

நம் நாட்டுச் சபைகளுக்கு இது தொலைவான செய்தி அன்று. நான் இளமையில் வழிபட்ட ஆலயத்தில் சாய்பலகைகள் பதித்த தேக்குச் சாளரக் கதவுகள் இருந்தன. வெயிலைத் தடுத்துக் காற்றை விட்ட கதவுகள் அவை. விழா ஆண்டொன்றில் ஒரே வாரத்தில் அவை கழற்றப்பட்டு, அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பொருத்தப்பட்டது. ஆலயம் பளிச்சென்று ஆனது. உள்ளே வெப்பமும் தங்கியது. மின்விசிறிகள் கூடின. மின்சாரம் நின்ற ஞாயிறுகளில் முதியோர் வெளியே வந்து வேப்பமர நிழலில் அமர்ந்தனர். கழற்றிய தேக்கு என்ன ஆயிற்று என்பதற்குக் கணக்கேட்டில் ஒரு வரி இருந்தது. ஏன் கழற்றப்பட்டது என்பதற்கு நடவடிக்கைக் குறிப்பில் ஒரு வரியும் இல்லை. அக்குழுவில் இருந்தவர்கள் நல்லவர்கள். நானும் அவர்களுள் ஒருவன். எவரும் கேள்வி கேட்கவில்லை என்பதே நான் இன்று அறிக்கையிட வேண்டிய குறை.

ஆலயக் கட்டடத்தை நாம் முன்னோரிடமிருந்து பெற்றோம். பின்வருவோரிடம் ஒப்படைக்கப் போகிறோம். இடையில் நாம் உக்கிராணக்காரர். அடுத்த முறை நம் சபைக் குழுவில் பழைய சாளரத்தைப் பற்றிய தீர்மானம் வரும்போது, கைதூக்குமுன் ஒருவரேனும் எழுந்து, இதைச் செப்பனிட முடியாதா என்று கேட்பாராக. அக்கேள்விக்கு விடை கிடைத்தபின் மாற்றுவதாயினும் காப்பதாயினும், அதற்கான காரணத்தை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிவைப்போமாக.